பாதி மாத்திரை

எனக்குத் தனியாக உட்கார்ந்து சாப்பிட வராது, இன்ஸ்பெக்டர். கணவர் கேப்ரியல் இறந்த பிறகு நான்கு வருடம் சமையலறையில் நின்றுகொண்டேதான் சாப்பிட்டேன். அதனால்தான் தம்போயில் இருக்கும் என் வீட்டின் மேல் அறையைக் கஸ்தூரி அக்காவுக்கு வாடகைக்கு விட்டேன். அவரும் கணவரை இழந்தவர். ஒரே மகள் லோஷினி, சிங்கப்பூரில் குடும்பம்.

அக்காவுக்கு இரத்த அழுத்தம். தினமும் காலையில் அட்டெனோலோல் மாத்திரை. கிளினிக்கில் இருபத்திரண்டு வருடம் மருந்து எடுத்துக் கொடுத்தவள் நான். அக்காவுக்கும் நான்தான் கொடுத்தேன். இந்த வகை மாத்திரைகளில் சிலவற்றைக் கல்லீரல் உடைத்துவிடும். அட்டெனோலோலைப் பெரும்பாலும் சிறுநீரகம்தான் அப்படியே வெளியேற்ற வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தால், நேற்றைய மருந்து போவதற்குள் இன்றையதும் சேர்ந்துவிடும். நாடி மெதுவாகும்.

மார்ச் மாதம் லோஷினி வந்தாள். "ரூம் ரெடி பண்ணிட்டேம்மா. அடுத்த மாசம் என்கூட வந்திருங்க," என்றாள். அக்கா அன்றே சேலைகளை மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த வாரம்தான் அக்கா காட்டிவந்த கிளினிக்கிலிருந்து போன் வந்தது. அக்கா குளித்துக்கொண்டிருந்தார், நான் எடுத்தேன். இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் பலவீனமாகத் தெரிகிறதாம். இனிமேல் பாதி மாத்திரைதான், சீக்கிரம் டாக்டரை வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். சரி என்று வைத்துவிட்டேன்.

"யாரு இன்பா?"

"ராங் நம்பர்க்கா."

முழு மாத்திரையையே கொடுத்து வந்தேன். பத்து நாளில் அக்காவுக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது. "இப்படி இருக்கறப்ப எங்க போறதுலா? அப்புறம் வரேன்னு லோஷினிகிட்ட சொல்லிடு," என்றார். சொன்னேன். கஞ்சி ஊட்டினேன். தலை வாரிவிட்டேன். அந்த நாட்களில் நாங்கள் மிகவும் நிம்மதியாக இருந்தோம்.

புதன்கிழமை காலை நாடி முப்பத்தாறு. அன்றும் முழு மாத்திரைதான். தலை சுற்றுகிறது என்று என் தோளில் சாய்ந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் ஆஸ்பத்திரி, அங்கிருந்து லோஷினி நேரே சிங்கப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். மதியம் வரை சோபாவில் அப்படியே உட்கார்ந்திருந்தோம். எப்போது நின்றது என்று சரியாகத் தெரியும். மணிக்கட்டில் என் விரல் இருந்தது.

"ஏன் ஆன்ட்டி?" என்று லோஷினி அழுதுகொண்டே கேட்டாள். பாவம், வருடத்துக்கு இரண்டு முறை வருகிறவளுக்கு என்ன புரியும். அவள் அம்மாவை அவளைவிட நான்தான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.