கம்பவுண்டர் மேல் சந்தேகம்

தென்காசி டாக்டர் ஒருவரின் டிஸ்பென்சரியில், குற்றாலத்தில் குளித்து இருமல் வாங்கிவந்த நாங்கள் எல்லோரும், வீட்டில் கழுவிய பாட்டிலோடு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்ற அம்மாள், வாரப் பத்திரிகையின் தொடர்கதையை மூடிவிட்டுக் கணவரிடம் சொன்னார்:

"கம்பவுண்டர்தான் கொன்னுருக்கான். மருந்து மிக்சர்ல விஷத்தைக் கலந்துட்டான்."

ஜன்னலுக்குள் மருந்து ஊற்றிக்கொண்டிருந்த கம்பவுண்டரின் கை நின்றது.

"அக்கா, அண்ணாச்சிக்கு ஊத்தட்டுமா, வேண்டாமா?"

"ஊத்துங்க தம்பி. கதையில செத்தவரு ஜமீன்தாரு. இவுகளைக் கொன்னு யாருக்கு என்ன லாபம்?"

அண்ணாச்சி இருமி முடித்தார். அளவுக் காகிதம் ஒட்டிய பாட்டிலை வாங்கி மனைவியிடம் நீட்டினார்.

"ஏட்டி, அச்சன்புதூர் வயலு இன்னும் எம்பேர்லதான் இருக்கு. மொத வேளையை நீ குடி."