கப்பல் ஏறாத தலைவி

மேடையில் அமர்ந்திருக்கும் ஆய்வு நிலைய இயக்குநர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, இளம் துருவ ஆய்வாளர் சங்கத்தின் பொறுப்பாளர்களே, வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் மாணவர்களே, மகளைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் மகனின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் அம்மா அவர்களே, உங்கள் அனைவருக்கும் கனத்த மனத்தோடு என் வணக்கம்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். துருவப் பயணக் குழுவுக்குத் தலைமை ஏற்றுப் பலமுறை கப்பல் ஏறியவன். காற்றோடு மல்லுக்கட்டிக் கத்திக் கத்திப் பழகிய தொண்டை இது. மைக் வேண்டாம் என்றேன், கேட்காமல் வைத்துவிட்டார்கள். சுருக்கமாகப் பேசுங்கள் என்று ஒரு துண்டுச் சீட்டும் வந்திருக்கிறது. முயன்று பார்க்கிறேன். ஆனால் இன்றைக்கு எனக்குத் துக்கத்தோடு கோபமும் இருக்கிறது. கோபக்காரன் சுருக்கமாகப் பேசி நான் பார்த்ததில்லை.

யாரை இழந்துவிட்டு இங்கே கூடியிருக்கிறோம்? துருவத்துப் பனிக்குள் அடைபட்டுக் கிடக்கும் பழைய காற்றைப் படித்துச் சொன்ன ஆய்வாளரை! இளம் துருவ ஆய்வாளர் சங்கத்தின் தலைவியை! நம் எல்லோருக்கும் உரிய 'சுவெட்டர் அக்கா'வை!

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியாத உறவினர்களுக்காகச் சொல்கிறேன். துருவத்தில் துளைத்தெடுத்துக் கப்பலில் வந்து சேரும் பனி உருளைகளை அறுத்துப் பார்ப்பதற்கு எங்கள் நிலையத்தில் ஒரு குளிர் அறை உண்டு. அதற்குள் போனால் மூக்குக் கண்ணாடியில் பனி பிடித்துக்கொள்ளும். அவர் காலையில் உள்ளே நுழைந்தால் மதியம்தான் வெளியே வருவார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். இவரோ மெரூன் நிற சுவெட்டரைக் கழற்றவும் மறந்து, தெருமுனைக் கடைக்கு டீ குடிக்கப் போவார். "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கடைக்காரர், கடைசியில், "சுவெட்டர் வந்தாச்சு, ஒரு டீ போடு" என்று சொல்லத் தொடங்கினார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

நாற்பதைக்கூட எட்டாத பெண். சாதாரணக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவர். போனவர் திரும்பவில்லை. இதை நம்பச் சொன்னால் எப்படி நம்புவது?

அவையோரே! அடக்கத்துக்கு முன் அந்த வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் கும்பலாக மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தோம். அம்மா என்னைக் கூப்பிட்டார்கள். அவர்கள் தையல் வகுப்பு நடத்துகிறவர்கள். அந்த முன்னறையில் அன்றைக்கும் தையல் இயந்திரங்கள் துணி போர்த்தி வரிசையாக இருந்தன.

"சார், நீங்கதானே கப்பல்ல எல்லாரையும் கூட்டிட்டுப் போறவரு?" என்றார்கள்.

"ஆமாம்மா."

"வருஷா வருஷம் கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடி என் பொண்ணு ஒரு கவர் நிறையத் துணிப் பட்டை கொண்டு வருவா. 'கோட்டுல வைக்கணும்மா, பேரு தைச்சுக் குடு'ம்பா. நானும் தைச்சுக் குடுப்பேன். எத்தனையோ பிள்ளைங்க பேரு என் கையால போயிருக்கு. அவ பேரு மட்டும் ஒரு தடவைகூட வரல சார். கேட்டா, 'அடுத்த வருஷம் பாக்கலாம்மா'ன்னு சிரிச்சுக்கிட்டே போயிடுவா. எம்பொண்ணு ஒவ்வொரு வருஷமும் ஃபெயில் ஆயிட்டாளா சார்? எங்ககிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு மறைச்சுட்டாளா?"

படியில் நின்றிருந்தவர்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள்.  அதற்கான பதிலை ஒரு மூலையில் நின்று அம்மாவின் காதில் மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை என்று தோன்றியது. "அம்மா, எல்லார் முன்னாடியும் சொல்றேன்" என்றேன். அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

இந்தச் சங்கம் என்ன செய்கிறது? படிப்பை இப்போதுதான் முடித்தவர்கள், முடித்தும் முடிக்காதவர்கள், நிரந்தர வேலை இல்லாதவர்கள் ஒன்றுசேர்ந்து, சம்பளம் இல்லாமல், தங்களைப் போன்றவர்களுக்கே வழிகாட்டுகிறார்கள். விண்ணப்பம் எழுதச் சொல்லித் தருகிறார்கள். மேடையில் பேசப் பழக்குகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் துருவக் கப்பலில் இளையவர்களுக்கென்று ஒதுக்கும் சில இடங்களுக்கு யார் போவது என்பதையும் இந்தச் சங்கமே தேர்ந்தெடுக்கிறது.

நம் தலைவி பொறுப்புக்கு வருவதற்கு முன் அந்தத் தேர்வு எப்படி நடந்தது? பழைய ஆட்கள் இருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். பொறுப்பில் இருந்தவர்களே தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டு கப்பல் ஏறினார்கள்! பரிமாறுகிறவரே முதலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் வரிசையில் நிற்கிறவருக்கு என்ன மிஞ்சும்? சுவெட்டர் அக்கா பொறுப்புக்கு வந்த முதல் கூட்டத்திலேயே ஒரு விதி கொண்டுவந்தார். சங்கத் தலைமையில் இருப்பவர் அந்த ஆண்டு கப்பலுக்கு விண்ணப்பிக்கக் கூடாது. அவ்வளவுதான் விதி. அருமையான விதி! நானும் கைதட்டினேன். இந்த அரங்கமே கைதட்டியது.

ஆனால் தலைமையில் ஒருவர் எத்தனை ஆண்டு இருக்கலாம் என்று அந்த விதியில் எழுத வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பனியின் வயதைக் கணக்கிடத் தெரிந்த கூட்டத்துக்கு, ஒரு பெண்ணின் வயது போய்க்கொண்டிருப்பது தெரியவில்லை!

ஆண்டுக் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். பின்பக்கத்து நீள அறை. மேஜையில் ஆறிப்போன டீ. "அடுத்த வருஷம் யார் பொறுப்பு எடுத்துக்கறீங்க?" என்று அவர் கேட்பார். உடனே ஒருவருக்கு போனில் அவசரமாக ஏதோ பார்க்க வேண்டியிருக்கும். ஒருவர் ஷூ கயிற்றைக் கட்டுவார். இன்னொருவர் ஜன்னலுக்கு வெளியே அப்படி என்னதான் பார்ப்பாரோ! யாரையும் நான் குறை சொல்லவில்லை. ஆளாளுக்கு வேலை தேட வேண்டும், கட்டுரை எழுத வேண்டும், கப்பலுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் அந்த ஆண்டு கப்பல் இல்லையே!  பிறகு அவரே சொல்வார். "சரி, இந்த ஒரு வருஷம் மட்டும் நான் பாத்துக்கறேன்." உடனே எல்லோரும் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் எதற்காக? அவரைப் பாராட்டவா? அப்பாடா, தப்பித்தோம் என்றா?

அந்த 'ஒரு வருஷம்' ஒவ்வொன்றிலும் அவர் என்னவெல்லாம் செய்தார்! கூட்டத்தில் வாய்க்குள்ளேயே பேசும் ஒரு பையனுக்கு 'முணுமுணுப்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள். இப்போது அவர் முனைவர், பையன் என்று சொன்னால் முறைப்பார். அவரை நடைக்கூடத்தின் ஒரு கோடியில் நிறுத்திவிட்டு, நம் தலைவி மறுகோடியில் போய் நின்றுகொள்வார். "எனக்குக் கேக்கல. திருப்பிச் சொல்லுங்க." கணக்குப் பிரிவிலிருந்து ஆள் வந்து, "மேடம், எங்களுக்கே மனப்பாடம் ஆயிடுச்சு, உங்களுக்கு இன்னுமா கேக்கல?" என்று கேட்கும் வரை விடவில்லை. முணுமுணுப்பு கப்பல் ஏறினார். இரண்டு முறை ஏறிவிட்டார்.

இன்னொரு பெண். சேர்ந்த புதிது. குளிர் அறையில் ஓர் உருளையைக் கைநழுவவிட்டுச் சில்லுச் சில்லாக்கிவிட்டது. அது எங்கிருந்து, எவ்வளவு பாடுபட்டு வந்த பனி என்பது இந்த அரங்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுகிறது. நம் தலைவி என்ன சொன்னார் தெரியுமா? "இங்க நின்னு அழாதடி. கண்ணீர் உறைஞ்சா அதுக்கு வேற தனியா சாம்பிள் நம்பர் போடணும்." சொல்லிவிட்டு, கூடவே மண்டியிட்டு ஒவ்வொரு துண்டாக எடுத்து, எது மேல், எது கீழ் என்று பொருத்தி, பையில் போட்டுத் தந்தார். அன்று முதல் அந்தப் பெண்ணுக்குச் 'சில்லு' என்று பெயர். சில்லு இன்னும் கப்பல் ஏறவில்லை. இந்த ஆண்டு விண்ணப்பித்திருக்கிறது.

துறைமுகத்தைச் சொல்லாமல் விட முடியாது. கப்பல் புறப்படும் நாளில் அவர் வாசல்வரை வருவார். அதற்கு மேல் உள்ளே விட அனுமதிச் சீட்டு வேண்டும், பயணிகளுக்கு மட்டும்தான் தருவார்கள். வாசலிலேயே ஒவ்வொரு பிள்ளையின் பையையும் திறந்து பார்ப்பார். "கையுறை உள்ள மெல்லிசு, வெளிய தடிசு. மாத்திப் போட்டுக்காத. அம்மாவுக்கு போன் பண்ணியா?" நான் மேல்தளத்திலிருந்து பார்ப்பேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மெரூன் சுவெட்டர் கையசைத்துக்கொண்டே நிற்கும். கப்பல் திரும்பிவந்தால் பிள்ளைகளைப் பிடித்து வைத்துக்கொண்டு கேட்பார். படங்களைக் காட்டினால் தள்ளிவைத்துவிடுவார். "படமெல்லாம் நானும் நிறையப் பாத்துட்டேன். அங்க என்ன வாசனை வந்துச்சு, அதச் சொல்லு." முணுமுணுப்பு யோசித்துவிட்டு, "ஒண்ணுமே வரலக்கா" என்றாராம். "ஒண்ணுமே வரலன்னா அது எப்படி இருக்கும்?" என்று கேட்டாராம்.  அவரே போய்ப் பார்த்தால் அல்லவா தெரியும்!

பார்த்துக்கொண்டிருக்கப் பொறுக்காமல் போன ஆண்டு அவரை என் அறைக்குக் கூப்பிட்டேன். "என் குழுவுல ஓர் இடம் இருக்கு. அதுக்கு சங்கத் தேர்வு கிடையாது. நான் சொன்னா போதும். வர்றியாம்மா?" என்றேன். முகம் மலர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒரு கணம்தான். பிறகு மறுத்துத் தலையாட்டினார்.

"வேணாம் சார். தலைவியா இருந்துக்கிட்டு உங்க மூலமா ஏறினா, அது பின்வாசல். நாளைக்கு யாருக்கு நான் விதி சொல்ல முடியும்?"

"அப்ப தலைவி பதவிய விடு."

"விட்டா யார் சார் இருக்கா?"

கோபத்தில் மேஜையைத் தட்டினேன். "நீ இருக்கற வரைக்கும் வேற யாரும் வரமாட்டாங்க, அதப் புரிஞ்சுக்க!" என்று கத்தினேன். அவர் சிரித்தார். "அடுத்த வருஷம் கட்டாயம் விட்டுடறேன் சார். நீங்களே வந்து என்னக் கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுங்க." அந்த அடுத்த வருஷம்தான் இது, அவையோரே.

அம்மா! இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் மகள் ஒரே ஒரு முறைகூடத் தோற்கவில்லை. அவர் விண்ணப்பிக்கவே இல்லை. விண்ணப்பித்திருந்தால் முதல் பெயர் அவர் பெயராகத்தான் இருந்திருக்கும். துருவப் பயணங்களை நடத்துகிறவன் என்ற முறையில், எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். அந்தக் கப்பலில் ஏறியவர்களில் உங்கள் மகளைவிடத் தகுதி மிக்கவர் ஒருவரும் இல்லை. நான் உட்பட.

வாசலில் ஒரு பேனர் கட்டியிருக்கிறார்கள். 'தன்னையே தந்த தியாகத் தலைவி' என்று. கட்டியவர்கள் நல்ல மனதோடுதான் கட்டியிருப்பார்கள். எனக்குப் பார்த்ததும் வயிறு எரிந்தது. தியாகமா? அவருக்குப் போக ஆசை இல்லையா? அந்த முகம் மலர்ந்ததைப் பார்த்தவன் சொல்கிறேன், கொள்ளை ஆசை இருந்தது! அந்த ஆசையைக் கொடுத்துவிட அவர் நினைக்கவே இல்லை. தள்ளித்தான் வைத்தார். நாம் வாங்கிக்கொள்ளாத வேலை அவர் தலையில் கிடந்ததால் தள்ளி வைத்தார். நம் சோம்பலுக்குத் தியாகம் என்று பெயர் சூட்டி, மாலையும் போட்டுவிட்டால் நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம். போக விடமாட்டேன்.

அவர் பெயரில் விருது வைக்கலாம் என்று இயக்குநர் சொன்னார். வையுங்கள், நன்றாக வையுங்கள். அதற்கு முன் அவர் எழுதிய விதியோடு இரண்டு வரி சேர்க்க வேண்டும். தலைவர் பதவி ஓராண்டு மட்டும். துருவம் போய் வந்தவர் மட்டுமே அந்தப் பதவியில் உட்காரலாம். அவர் தொடங்கிய பணியை எடுத்துச் செல்வோம் என்று உறுதிமொழி ஏற்கச் சொல்லி என் கையில் ஒரு தாள் தந்திருக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து வாசிப்பது சுலபம். எல்லோரும் என்றால் யாருமில்லை என்பதுதானே இத்தனை ஆண்டு நாம் கண்டது! எனக்கு ஒரு கை போதும். இந்த ஆண்டு யார்? பதில் வராமல் நான் இறங்கப் போவதில்லை.

யாரது, பக்கவாட்டில் கை தூக்குவது? சில்லுவா? கையை இறக்கம்மா. இறக்கு என்கிறேன். நீ இன்னும் போகவில்லை. உன்னைப் போல முதலில் கை தூக்கிய ஒருத்தியைத்தான் புதைத்துவிட்டு வந்து நிற்கிறோம். நீ கப்பல் ஏறு. போய்ப் பார்த்துவிட்டு வா. பிறகு கை தூக்கு.

போய் வந்தவர்களைக் கேட்கிறேன். இந்த அரங்கத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் ஒவ்வொருவரையும் கூட்டிப் போனவன் நான்.

வாப்பா. வா முணுமுணுப்பு. கையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நிற்காதே, முன்னால் வா. பின்னால் இன்னும் இரண்டு கை தெரிகிறது. நல்லது, அவர்கள் அடுத்த ஆண்டுக்கும் அதற்கு அடுத்த ஆண்டுக்கும். எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மா, பார்த்தீர்களா? மூன்று கை. இவற்றில் ஒன்று, ஏதோ ஓர் ஆண்டுக் கூட்டத்தில், ஒரே ஒரு முறை எழுந்திருந்தால் போதும். உங்கள் மகளின் பெயரை உங்கள் கையால் தைத்திருப்பீர்கள்.

எழுந்து நிற்போம்.