அப்பா என் கையை முறித்த அத்தியாயம்

தேநீருக்கு நன்றி, சார். ஆறிப்போயிருக்கும் என்று நினைத்தேன்; ஆறித்தான் இருக்கிறது. வருத்தமில்லை. நல்லதை எதிர்பார்த்து ஏமாறுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

லிஃப்ட் பழுதுபார்ப்பது என் வேலை. ஆனால் எந்த லிஃப்டிலும் ஏறமாட்டேன். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டு வருவேன். இதையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். படித்த பதிப்பாளர் வயிறு வலிக்கச் சிரித்தார். புத்தகம் வருவதற்குள் கடையை மூடிவிடுவார் என்று நினைத்தேன். மூடவில்லை.

எல்லோருக்கும் பிடித்தது, அப்பா என் கையை முறித்த அத்தியாயம். அவருடைய சைக்கிளைக் கீழே போட்டதற்காக முறுக்கினார். எலும்பு விறகு மாதிரி முறிந்தது. இனி வீட்டுப்பாடம் இல்லை என்று சந்தோஷப்பட்டேன். முறிந்தது இடது கை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி தன் மனைவியோடு வந்தான். நான் புத்தகம் வைக்கச் சுவரில் பலகை அடித்துக்கொண்டிருந்தேன். அவள் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.

"விழுந்து விழுந்து சிரிச்சேண்ணே," என்றான். பிறகு சட்டைக் கையைச் சுருட்டி, கோணலாகக் கூடியிருந்த முழங்கையைக் காட்டினான். "ஆனா ஒடஞ்சது என் கை. முறுக்குனது நீ. அப்பா பாவம், நம்மள ஒருநாளும் அடிச்சதில்ல. செத்துப்போன மனுஷன், அவரை விட்ருண்ணே."

அவனுக்குக் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"அடுத்த பதிப்புல மாத்திரு. இன்னும் சிரிப்பா இருக்கும்."

"அடுத்த பதிப்பெல்லாம் வராது," என்றேன்.

அதற்கும் சிரித்தான். சுத்தியல் கையில்தான் இருந்தது. நெற்றிப்பொட்டில் ஒன்று போட்டேன். பிடி கழன்றுவிடும் என்று நினைத்தேன், கழலவில்லை. கீழே விழுந்தவன், "ஏண்ணே?" என்றான். பதில் சொன்னால் பேச்சு வளரும். வாயைப் பார்த்து அடித்தேன், பேச்சு நிற்கும்வரை. பற்கள் அலமாரிக்கு அடியில் உருண்டன.

சொம்போடு அவள் வந்து நின்றாள். நல்ல பெண், சார். எனக்குக் காய்ச்சல் என்றால் முதலில் ஓடிவருகிறவள். ஆனால் தன் கை கோணியது எப்படி என்று புருஷன் பெண்டாட்டியிடம் சொல்லாமலா இருந்திருப்பான்? தெருக்கதவு வரை ஓடினாள். துருப்பிடித்த தாழ்ப்பாள், சட்டென்று திறக்காது. பின்மண்டையில் ஒரே அடி. அவளை அதிகம் கஷ்டப்படுத்தவில்லை.

பிறகு பலகையை அடித்து முடித்தேன். நேராகத்தான் நிற்கிறது.

எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பேரையும் கொன்றது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் முரடன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், சார். சின்ன வயதிலிருந்தே அடி வாங்கி வளர்ந்தவன் நான்.