கோமதிநாயகத்தின் ஜீவனாம்சம்

மெய்யன்பர்களே! அம்மைக்கும் அப்பனுக்கும் திருக்கல்யாணம் நடந்தேறிய இந்தப் பந்தலில், பிரிந்துபோன தம்பதியரைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பீர்கள். பேசத்தான் வேண்டும்! நம் இறைவனைப் பாருங்கள்... பாதி உடம்பு அவன், பாதி உடம்பு அவள். பிள்ளைகள் இருவரும் ஒரு கனிக்குப் போட்டி போட்டார்கள். ஒருவன் கோபித்துக்கொண்டு மலையேறினான். அத்தனை நடந்தும், கயிலாயத்தில் ஜீவனாம்ச வழக்கு மட்டும் வந்ததே இல்லை. எப்படி வரும்? வாதியும் பிரதிவாதியும் ஒரே உடம்பில் இருந்தால், வக்கீல் யாரிடம் கட்டணம் வாங்குவார்?

மனிதருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே, உங்கள் அனுமதியோடு சின்னதாக ஒரு கதை... உறங்குகிறவர்களும் எழுந்துகொள்ளலாம்.

தென்காசிப் பக்கம் கோமதிநாயகம் என்றொரு பம்புசெட் வியாபாரி. அவருக்கும் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை. பிரிந்தார்கள். மகள் உலகம்மை தாயோடு போனாள். மகளைப் பராமரிக்க மாதந்தோறும் பணம் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. கொடுத்தார். எப்படிக் கொடுத்தார்? பல் பிடுங்க வந்தவன் வாயைத் திறப்பானே... அப்படிக் கொடுத்தார்!

மகளுக்குப் பதினெட்டு வயது நிறைந்தது. அண்ணாச்சி ஒரு பெட்டி ஜாங்கிரியோடு வக்கீல் பிச்சுமணி வீட்டுக்கு ஓடினார்.

"ஐயா, விடுதலை! இந்த மாசத்தோட முடிஞ்சுது. எடுத்துக்கிடுங்க!"

வக்கீல் என்ன செய்தார்? முதலில் ஜாங்கிரியைச் சாப்பிட்டார். நிதானமாகச் சாப்பிட்டார். விரலைத் துடைத்தார். பிறகு சொன்னார்:

"மகனா இருந்தா பதினெட்டோட சரி அண்ணாச்சி. மகளுக்கு, நம்ம சட்டத்துல, கல்யாணம் ஆகிற வரைக்கும் உண்டு. இல்லைன்னா அவ சொந்தமாச் சம்பாதிக்கிற வரைக்கும்."

"இதை ஜாங்கிரியைத் தின்னுறதுக்கு முன்னால சொல்லப்படாதா?"

வக்கீல் இரண்டு வழி சொன்னார். அண்ணாச்சி காதில் எது விழுந்தது? கல்யாணம்! அது ஒன்றுதான் விழுந்தது. மகளோ அப்போதுதான் கால்நடை மருத்துவம் படிக்கச் சேர்ந்திருந்தாள். சிறு வயது முதல் அதே கனவு. "அப்பா, என்னைப் படிக்க விடுங்கப்பா" என்று போனில் அழுதாள். "படிச்சது போதும்மா" என்று இவர் வைத்துவிட்டார். மறுநாளே மாப்பிள்ளை தேடக் கிளம்பினார்.

கடையநல்லூரில் ஒரு வீடு அமைந்தது. வசதியான குடும்பம். பையனும் லட்சணமான பையன். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்... சம்பந்தம் பேசப் போன வீட்டில் கை நனைத்தால், அதாவது ஒரு வாய் உண்டால், சம்மதம் என்று பொருள். உண்ணாமல் எழுந்தால், இல்லை என்று பொருள். இலை போட்டாயிற்று. சோறு வந்தது. சொதி வந்தது. தேங்காய்ப்பால் மணம் தெருவரை போகிறது! அண்ணாச்சி கையை நீட்டுகிறார்... ஒரு கவளம்... ஒரே ஒரு கவளம்... அப்புறம் வாழ்நாள் முழுதும் விடுதலை!

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் தாயார் வாயைத் திறந்தார்:

"பொண்ணு மாட்டு டாக்டருக்குப் படிக்காளாமே? நிப்பாட்டிருவோம். நம்ம தொழுவத்துல நாலு எருமை நிக்கு. அதுகளுக்குச் சாணி அள்ளட்டும். படிச்ச படிப்பும் வீணாப் போகாது, பாருங்க!"

கை நின்றது. இலைக்கு மேலே, அந்தரத்தில்... மூவுலகை அளக்கத் தூக்கிய திருவடி போல நின்றது!

"என்ன அண்ணாச்சி, சாப்பிடுங்க."

"இல்லம்மா... எனக்கு இன்னைக்கு விரதம்."

"காலையில பஸ் ஸ்டாண்டுல ஆறு இட்லி தின்னேன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"அது... தின்னு முடிச்ச பிறகுதான் விரதம் ஆரம்பிச்சுது!"

எழுந்தார். தெருவுக்கு வந்தார். பசியோடு மகளுக்குப் போன் போட்டார்.

"ஏட்டி, எம்புட்டு வருசம் படிக்கணுமோ, படி. எந்தப் பயலும் உன்னை நிப்பாட்டச் சொல்லப்படாது... நானும்தான்!"

படித்தாள் ஐயா! டாக்டரானாள். அரசு கால்நடை மருந்தகத்தில் வேலையும் கிடைத்தது. "அப்பா, நான் சம்பாதிக்க ஆரம்பிச்சிட்டேன். இனிமே பணம் அனுப்ப வேண்டாம்" என்றாள். எத்தனை வருடம் காத்திருந்த சொல்! அண்ணாச்சி துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? வக்கீல் வீட்டுக்கு ஓடினார்.

"ஐயா, கேஸ் போடுங்க!"

"யார் மேல?"

"என் மக மேல! நான் குடுக்கிற பணத்தை வாங்கமாட்டேங்கா!"

வக்கீல் சிரித்தார். "அண்ணாச்சி, குடுக்காத அப்பனைப் பிடிக்கச் சட்டம் இருக்கு. வாங்காத மகளைப் பிடிக்க இல்லையே!"

"அப்படின்னா அது என்னய்யா சட்டம்?"

வக்கீல் உலகம்மைக்கே போன் போட்டார். விஷயத்தைக் கேட்டு அவளுக்கும் சிரிப்பு. போன் அண்ணாச்சி கைக்கு வந்தது. "அப்பா, வயசான தகப்பனைப் பிள்ளை காப்பாத்தணும்னும் சட்டம் இருக்காம். வர்ற மாசத்துல இருந்து உங்களுக்கு நான் அனுப்புறேன்."

"எனக்கா? ஏட்டி, நான் என்ன மைனரா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்... ஆனால் யோசியுங்கள். கணவன் மனைவி பிரிந்தால் அதற்கு நீதிமன்றம் முத்திரை குத்தும். தகப்பனும் மகளும் பிரிந்ததாகக் குத்த எந்த மன்றத்திலாவது முத்திரை உண்டா? சட்டம் ஓர் எல்லை வகுக்கிறது. வகுக்கத்தான் வேண்டும், கொடுக்க மனமில்லாதவனுக்கு அது வேலி. மனம் வந்தவனோ அந்த வேலியைத் தாண்டிக் கொடுத்துக்கொண்டே போகிறான். அவனைத் தடுக்க யாரால் முடியும்?

இந்தப் பந்தலிலும் பிரிந்து வாழும் தாய் தகப்பன் இருக்கலாம். தலை குனிய வேண்டாம். வீட்டுக்குப் போனதும் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசுங்கள். எழுபத்தெட்டு வயதில் உங்கள் முன்னால் நிற்கிறேன். அம்மையப்பன் ஒரு நாளாவது என்னிடம், "உனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, இனி மழை கிடையாது, மூச்சு கிடையாது" என்று சொன்னதுண்டா? சொல்லியிருந்தால்... நான் எந்த வக்கீலிடம் போவேன்?