கூட்டத்துக்குக் கொண்டுபோன தயிர்

சத்தியம் பண்ணித்தான் தொடங்குகிறேன்: இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எருமைத் தயிர் கட்டியாக உறைய வேண்டுமென்றால் சட்டியை அசைக்கக் கூடாது. என் பெயர் ஸெய்னுதீன். குறிஞ்சாக்கேணியில் எருமை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கூட்டம் என்றால் தயிர் என் வீட்டிலிருந்துதான் போகும். எந்தக் கந்தோர் என்று கேட்காதீர்கள். தயிர் இன்னும் போகிறது.

அந்தக் கந்தோருக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து பயிற்சிக்கு வந்த பிள்ளை நப்லா. எங்கள் ஒழுங்கையில்தான் வீடு. மாரி வந்தால் ஒழுங்கைத் தண்ணீர் முழுவதும் அவள் வீட்டுக்குள் போய் நிற்கும். போன மாரியில் அவளுடைய உம்மா கட்டிலில் இருந்தபடியே கெளுத்தி பிடித்தார். குழம்பு எங்கள் வீட்டுக்கும் வந்தது. நல்ல குழம்பு.

தண்ணீர் ஏன் வடியவில்லை என்று நப்லா ஆராய்ந்து, படம் கீறி, அதிகாரிகளுக்கு முன்னால் பேச நாள் வாங்கினாள். அவர்கள் சம்மதித்தால் மழைக்கு முன்னரே தண்ணீர் வடியக் கான் வெட்டப்படும். கூட்டத்துக்கு முதல் நாள் என்னிடம் வந்தாள்.

“மாமா, குறை நினைக்காதீங்க. பழைய கான் உங்கட குசினிக்குக் கீழதான் போகுது. உங்களுக்குச் சொல்லாமக் கூட்டத்தில காட்டினா முறையில்ல.”

“தண்ணிக்கு வழி காட்ட நீங்க படிச்சிருக்கீங்க, மகள். குசினிக்கு என்ன வழி?”

“அதுக்கும் இடம் போட்டிருக்கன். மாட்டுப் பட்டிக்குப் பக்கத்தில.”

“அங்க குசினி வெச்சா நஜ்முன் நிஸா என்னையும் சேர்த்துக் கட்டிப் போடுவா.”

சிரித்துக்கொண்டு போனாள். நல்ல பிள்ளை. கானுக்கு மேல் குசினியைக் கட்டியது நான்தான். கான் சும்மா கிடந்தது; எனக்குச் சமைக்க இடம் தேவைப்பட்டது.

அந்தக் கந்தோரில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முடிந்ததும் யாராவது கேள்வி கேட்டால் திட்டம் மேலே போகும். ஒருவரும் கேட்காவிட்டால் ‘கவனத்தில் எடுக்கப்பட்டது’ என்று எழுதி அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிடுவார்கள். ஆகவே நான் யாருடனும் சண்டை பிடிக்க வேண்டியிருக்கவில்லை. நித்திரை கொள்பவர் கேள்வி கேட்பதில்லை.

என் மனைவி நஜ்முன் நிஸாவுக்கு வைத்தியர் நித்திரைக் குளிசை கொடுத்திருந்தார். ஒரு ஆளுக்குப் பாதி போதும் என்றும் சொல்லியிருந்தார். பாதியாக்குவது எனக்குக் கஷ்டம். போத்தலில் இருந்த எல்லாவற்றையும் அரைத்து, பால் உறைய முன்னரே கலந்துவிட்டேன். கசப்புத் தெரியாமல் இருக்கக் கித்துள் பாணி கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டேன். அன்றிரவு நஜ்முன் நிஸா நித்திரையில்லாமல் புரண்டாள். அதற்காகவும் வருந்தினேன்.

காலையில் சட்டியை மண்டபத்து மூலை மேசையில் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றேன். நப்லா பேசத் தொடங்கினாள். தெளிவான பேச்சு. என் குசினியைக்கூட மரியாதையாகத்தான் சொன்னாள். இரண்டாவது படத்திலேயே தவிசாளரின் நாடி நெஞ்சில் விழுந்தது. அடுத்தது பொறியியலாளர். கணக்காளர் பேனையைப் பிடித்தபடியே போனார். பேனை கொஞ்ச நேரம் தன்பாட்டில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தது. குறட்டைக்கு யன்னல் சீலை உள்ளே வந்து வெளியே போனது. இவ்வளவு வேகத்தை நானே எதிர்பார்க்கவில்லை. அவர்களை எழுப்பிவிடக் கூடாதென்று அந்தப் பிள்ளை குரலைத் தாழ்த்திப் பேசி முடித்தாள்.

“கேள்வி ஏதும் இருக்கா, சேர்?”

இருக்கவில்லை.

வயரைச் சுற்றிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: “மாமா, ஒரு கேள்வியாவது வந்திருக்கலாம். ராவெல்லாம் பதில் பாடமாக்கினனான்.”

“வடிவா விளங்கினா ஏன் கேக்கப் போறாங்க, மகள்?”

ஓம், அதையும் நான்தான் சொன்னேன்.

மாரி வந்தது. இம்முறை தண்ணீர் கட்டிலுக்கு மேலே போனது. நப்லா உம்மாவைக் கப்பல்துறையில் சாச்சி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வீடு பூட்டிக் கிடக்கிறது. குழம்பு வரவில்லை.

கந்தோர் ஆட்களை யாரும் குறை சொல்லக் கூடாது என்பதற்காகவே இதை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் பொறுப்பானவர்கள், விழித்திருந்தால் கட்டாயம் கேட்டிருப்பார்கள். அவர்களை நித்திரையாக்கிய பாவம் முழுவதும் என் தயிருடையது. சட்டியில் ஒரு துளியும் மிஞ்சவில்லை. பின்னேரம் அலுவலாகக் கந்தோருக்கு வந்த சனத்துக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

தயிரைப் பரிமாறியது நப்லா பேசி முடித்த பிறகு.