சந்தனக் கையில் வாங்கிய கையெழுத்து

மதுரை தொழிலாளர் துறை அலுவலகத்தில் 21.08.2025 அன்று விசாரணை அதிகாரி முன்பாக, முத்துமீனா என்பவர் கொடுத்த புகார் தொடர்பாக, சாட்சி முனீஸ்வரி, வயது 46, கணவர் பெயர் முத்துப்பாண்டி, கோச்சடை, மதுரை, என்பவர் சொல்லிப் பதிவு செய்யப்பட்ட வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் கணவருடனும் இரண்டு பிள்ளைகளுடனும் குடியிருந்து வருகிறேன். நகரில் உள்ள ஒரு ஜவுளிக்கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். தற்போது பட்டுப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். என்னை யாரும் மிரட்டி இங்கே அனுப்பவில்லை. கடைக்குத் தெரியாமல்தான் வந்திருக்கிறேன். தெரிந்தால் என் வேலையும் போகும் என்பது தெரிந்தே வந்திருக்கிறேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை பார்க்கும் பெண் உண்டாகியிருந்தால் ஏழாவது மாதத்தில் கடை திறக்கும் முன் மாடியில் உள்ள சாப்பாட்டு அறையில் வளைகாப்பு நடத்துவோம். வளையல், சந்தனம், ஐந்து வகைச் சோறு, ஒரு சேலை எல்லாம் நிர்வாகத்தின் செலவு. வேறு எந்தக் கடையிலும் இப்படிச் செய்வதில்லை என்று நாங்களே வெளியில் பெருமை பேசிக்கொண்டு திரிந்தோம். சேலை பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கும்போது, அதற்கு அடியில் இன்னொரு தாளையும் வைத்து வாங்குவார்கள். சொந்தக் காரணத்துக்காக வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று அதில் தட்டச்சு செய்திருக்கும். வளையல் போட்ட பிறகு பெண்கள் தாய் வீட்டுக்குப் போய்விடுவதால் யாரும் கேட்டதில்லை. பிள்ளை பெற்றுத் திரும்பி வந்தால் புதிய ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். என் மகன் பிறந்தபோது என்னையும் அப்படித்தான் சேர்த்தார்கள். ஆறு வருடம் பார்த்த வேலை கணக்கில் இல்லாமல் போனது. திரும்ப எடுத்துக்கொண்டார்களே என்று அன்றைக்கு மேனேஜரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

முத்துமீனா ஒத்தக்கடையைச் சேர்ந்தவர், வயது 26. மூன்று வருடமாக என் பிரிவில் இருந்தார். அவருடைய கணவர் விக்ரம் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். முத்துமீனாவுக்குத் தாய் இல்லை. சேலை மடிப்பதில் அந்தப் பிள்ளையைப் போல் ஒரு கை நான் பார்த்ததில்லை. ஐந்தாவது மாதத்திலேயே மகப்பேறு அட்டையின் நகலை வைத்து, சம்பளத்தோடு இருபத்தாறு வாரம் விடுப்பு வேண்டும் என்று எழுதி மேனேஜர் சூரியபிரகாஷிடம் கொடுத்தார். அதன் பிறகு என்னிடம் வந்து, "புள்ளத்தாச்சிய வேலைய விட்டு நிப்பாட்டக் கூடாதுன்னு சட்டமே இருக்குக்கா. சுகாதார நிலையத்துல நர்ஸ் அக்கா சொன்னாங்க. உங்களுக்கெல்லாம் லீவு குடுத்தாங்களா?" என்று கேட்டார். நான், "வேலையப் பாருடி, வக்கீலம்மா" என்று கிண்டல் செய்து அனுப்பிவிட்டேன்.

கடந்த 12.06.2025 அன்று காலை ஒன்பது மணிக்கு அவருக்கு வளைகாப்பு நடந்தது. அதற்கு முன் சூரியபிரகாஷ் என்னைக் கூப்பிட்டு இரண்டு தாள்களைக் கொடுத்து, "நம்ம புள்ளதானே, நீங்க நீட்டுனா போட்டுரும்" என்று சொன்னார். நான் வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு மாடிக்குப் போய் முத்துமீனாவை நாற்காலியில் உட்கார வைத்தோம். காலை முதல் இரவு வரை நின்றே விற்பவர் என்பதால் கால் இரண்டும் வீங்கியிருந்தது. தாய் ஸ்தானத்தில் நானே முதலில் சந்தனம் பூசி வளையல் போட்டேன். அதன் பிறகு மற்றப் பெண்களும் போட்டார்கள். அதன் பிறகு சேலையை மடியில் வைத்து, சேலைக்குக் கையெழுத்து என்று சொல்லி, தாள்களின் ஓரத்தை மட்டும் காட்டிப் பேனாவைக் கொடுத்தேன். கையெல்லாம் ஈரச் சந்தனம். "தாள் அழுக்காகுமேக்கா" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். நிர்வாகம் தாக்கல் செய்துள்ள ராஜினாமாக் கடிதத்தை அதிகாரி இன்று எனக்குக் காட்டினார். அதன் இடது ஓரத்தில் இருப்பது அந்தச் சந்தனக் கறைதான். முத்துமீனா தானாக விரும்பி ஆபீசில் வந்து எழுதிக் கொடுத்தார் என்று நிர்வாகம் சொல்வது உண்மையல்ல.

போவதற்குத் தாய் வீடு இல்லாததால் மறுநாள் காலை அவர் வழக்கம்போல வேலைக்கு வந்தார். வருகைப் பதிவு மெஷினில் விரலை வைத்தபோது அது எடுக்கவில்லை. விரலில் சந்தனம் ஒட்டியிருக்கிறதோ என்று சேலையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். நான் பின்னால் வரிசையில் நின்றேன். அதன் பிறகு சூரியபிரகாஷ் வந்து, "நீயே எழுதிக் குடுத்துட்டு இப்ப இங்க என்னம்மா பண்ற?" என்று சொல்லி வெளியே அனுப்பினார். கை நிறைய வளையலோடு அவர் படியிறங்கிப் போனார்.

அதன் பிறகு ஒத்தக்கடையில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்கும் வேலைக்கு முத்துமீனா போனதாகக் கேள்விப்பட்டேன். எட்டாவது மாதத்திலேயே ரத்த அழுத்தம் கூடி, ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். ஒன்றரைக் கிலோ கூட இல்லை. இதெல்லாம் வேலை போனதால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்ல முடியாது. ஆனால் என் மனசு சொல்கிறது.

கடந்த 27.07.2025 ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்ததால் முத்துமீனா வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். புகார் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அதன் பிறகு, "அந்தத் தாள்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டார். நான், "சத்தியமாத் தெரியாதுத்தா" என்று சொன்னேன். உடனே அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப உங்களையும்தான் ஏமாத்திட்டாங்க" என்று அழுதார். நானும் அழுதேன். அவர் தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டார். தைத்த வயிற்றோடு எழுந்து போய் எனக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார்.

நான் சொன்னது பொய். வளைகாப்புக்கு முன்பே அந்தத் தாளை மாடிப்படியில் நின்று முழுதாகப் படித்தேன். முத்துமீனாவுக்கு முன் நான்கு பெண்களிடமும் இதே போல் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்து வாங்கினேன். இதை அவரிடம் நேரில் சொல்ல இரண்டு தடவை ஒத்தக்கடை வரை போய், பஸ் ஸ்டாப்பிலிருந்தே திரும்பிவிட்டேன். ஆகவே இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றை முத்துமீனாவுக்குக் கொடுக்குமாறு அதிகாரியைக் கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ளவை யாவும் நான் சொல்ல எழுதப்பட்டவை. வாசிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) மு. முனீஸ்வரி