எனக்காக அம்மா இருக்கும் பத்தியம்

செஞ்சி பஸ் நிலையத்தில் அனந்தபுரம் பஸ் இன்னும் கிளம்பவில்லை. எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மீசை நரைத்தவர் மிளகாய் பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னார்:

"என் வயித்துப் புண்ணுக்கு எங்கம்மா பத்தியம் இருக்குறாங்க."

பக்கத்தில் இருந்த இளையவர் திரும்பிப் பார்த்தார். "புண்ணு யாருக்கு மாமா?"

"எனக்குத்தான்."

"அப்ப நீதான பத்தியம் இருக்கணும்?"

"கைக்கொழந்தைக்கு வயிறு சரியில்லன்னா யாரு மாப்ள பத்தியம் இருக்குறது? பெத்தவதான. சின்னதுல எனக்கு அப்படித்தான் சரியாச்சாம்."

"அது பால் குடிக்கிற கொழந்த. உனக்குப் பேத்தியே இருக்குது."

"பேத்தி இருந்தா நான் அவங்க புள்ள இல்லன்னு ஆயிடுமா? வைத்தியர் எனக்குச் சொன்னத அப்படியே அவங்க செய்யறாங்க. காரம், புளி, டீ எதையும் தொடறதில்ல. மணத்தக்காளிக் கீரை, நீர்மோரு, கொழஞ்ச சோறு, அவ்ளோதான்."

"இப்ப இன்னா ஆச்சி?"

"அவங்களுக்கு ரொம்ப நாளா இருந்த நெஞ்செரிச்சல் சுத்தமா போயிடுச்சி. போன வாரம் கோட்ட மேலயே ஏறிட்டு வந்துட்டாங்க."

"உனக்கு?"

அவர் பஜ்ஜியைக் காரச் சட்னியில் தோய்த்து, ஒரு கடி கடித்து, நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"எரிச்சல் அப்படியேதான் இருக்குது. நேத்து தூக்கமே இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியாம ஊறுகா எடுத்துத் தின்றாங்களோன்னு சந்தேகமா இருக்குது மாப்ள."